ஐ3 மடிக்கணினியில் நான்கு நடை விளையாட்டுகள்: எது ஓடும், எது திணறும்

காரைக்குடியில் எங்கள் வீட்டில் இருக்கும் மடிக்கணினி இந்த ஆண்டு என் அக்கா மகன் கைக்குப் போகிறது. இன்டெல் ஐ3-6006யு ப்ராசஸர், இரண்டு கோர், 2.0 கிகாஹெர்ட்ஸ் வேகம், தேவைப்படும்போது வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் டர்போ வசதி கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாததால் ப்ராசஸருக்குள்ளேயே அமைந்த எச்டி 520 தான் படம் வரைகிறது. ரேம் ஒரே பட்டையாக 8 ஜிபி, திரை 1366×768, சேமிப்புக்குப் பழைய ஹார்ட் டிஸ்க். "மாமா, சண்டை போடுற கேம் வேண்டாம், நடந்து சுத்திப் பாக்குற மாதிரி ஒண்ணு சொல்லுங்க, ஆனா இதுல ஓடணும்" என்று அவன் கேட்டான். என்னிடம் இருந்த நான்கு விளையாட்டுகளையும் அதே கணினியில் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

இத்தகைய விளையாட்டுகளுக்கு நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம், தேவையில்லை. சுட வேண்டிய எதிரியோ தாண்ட வேண்டிய பள்ளமோ இல்லாத நடைக்கு 30 ஃப்ரேம் தாராளமாகப் போதும். ஆனால் அந்த 30-உம் சீராக வரவேண்டும். 30 ஃப்ரேம் என்றால் ஒரு படத்துக்குச் சுமார் 33 மில்லி நொடி. இடையில் ஒரே ஒரு படம் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டாலும் கண் அதைத் தடுமாற்றமாகவே உணர்கிறது. காற்றொலியையும் காலடி ஓசையையும் நம்பி நிற்கும் விளையாட்டில் அந்தத் தடுமாற்றம் மனத்தை உடனே வெளியே இழுத்துவிடும். ஆகவே உச்ச வேகத்தைவிடச் சீரான ஓட்டத்தையே இங்கே அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

முதலில் தி சைனீஸ் ரூம் குழுவின் 'டியர் எஸ்தர்'. 2008-இல் 'ஹாஃப்-லைஃப் 2' என்ற துப்பாக்கி விளையாட்டின் மாற்றுவடிவமாகத் தொடங்கி, 2012-இல் அதன் சோர்ஸ் எஞ்சினிலேயே (எஞ்சின் என்பது விளையாட்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) தனி விளையாட்டாக வெளிவந்தது. ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் பகுதித் தீவு ஒன்றில், கடற்கரை, குன்று, குகை என்று நடந்துகொண்டே இருக்கிறோம். ஓடவும் முடியாது, குதிக்கவும் முடியாது. சோர்ஸ் எஞ்சினில் ஒளியின் பெரும்பகுதி விளையாட்டை உருவாக்கும்போதே கணக்கிடப்பட்டு, சுவரிலும் பாறையிலும் படமாகவே பதிக்கப்பட்டுவிடுகிறது. அந்தக் கணக்கை நம் கணினி மறுபடி போடவேண்டியதில்லை. அதனால்தான் குகையின் நீல ஒளிர்வு இவ்வளவு அழகாக இருந்தும் எச்டி 520 அதை முழுத் திரை அளவில் சிரமமின்றி வரைகிறது. 2017-இல் கணினிக்கு வந்த லேண்ட்மார்க் பதிப்பு யூனிட்டி எஞ்சினுக்கு மாற்றப்பட்டது. உருவாக்கியவர்களின் விளக்கவுரை அதில் கூடுதலாக உண்டு. என்னிடம் இரண்டும் உள்ளன. இந்த மடிக்கணினியில் 2012-இன் பதிப்பே இலகுவாக நடந்தது. பொருள் புதியது என்பதற்காகப் பழைய கணினிக்கு அது உகந்ததாகிவிடாது.

இரண்டாவது, 2013-இல் வந்த 'கான் ஹோம்'. 1995-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், ஆளில்லாத ஒரு பெரிய வீடு. அடைத்த அறைகள் கொண்ட வீடு என்பதால் இதுதான் எல்லாவற்றிலும் எளிதாக ஓடும் என்று எண்ணியிருந்தேன். கதவு மூடியிருந்தால் அப்பால் உள்ள அறையை வரையவேண்டியதில்லை அல்லவா? நம் செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, பின்வாசல், அதற்கும் அப்பால் பின் தெரு வரை ஒரே நேர்க்கோட்டில் கண்ணில் படும். அப்படி ஒரு வீட்டை விளையாட்டாக்கினால் எஞ்சின் எல்லாக் கட்டையும் ஒரே நேரத்தில் வரைந்தாக வேண்டும். 'கான் ஹோம்' வீடு வளைந்து வளைந்து போவதால் அந்தச் சுமை இல்லை. ஆனால் நான் எதிர்பாராத இடத்தில் சுமை வந்தது. அந்த வீட்டில் ஏறத்தாழ எல்லா விளக்கையும் நாமே போடலாம், அணைக்கலாம். எரியும் விளக்கும் எரியாத விளக்கும் ஆட்டக்காரர் கையில் இருக்கும்போது ஒளியை முன்கூட்டியே பதித்துவைக்க வழியில்லை. நிழலோடு கூடிய கணக்கு அந்தந்த நொடியில் நடக்கிறது. நிழல் தரத்தைக் கீழே இறக்கிய பிறகுதான் இங்கே சீராக ஓடியது. இறக்கினாலும் கதைக்கு இழப்பில்லை, ஏனெனில் இதில் கண் தேடுவது கடிதங்களையும் இழுப்பறைகளையும்தான்.

மூன்றாவதான 'ஃபயர்வாட்ச்' பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் அவன் மனம் அதில்தான் இருக்கிறது. காம்போ சாண்டோ குழு 2016-இல் யூனிட்டியில் உருவாக்கியது. 1989-இன் கோடையில் வயோமிங் காட்டில் தீக்காவல் கோபுரத்தில் இருக்கும் ஒருவரும், வாக்கி-டாக்கியில் அவரோடு பேசும் மேலதிகாரியும்தான் கதை. ஓவியர் ஆலி மாஸின் பாணியில் மலைகள் தட்டையான வண்ண அடுக்குகளாக ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. நுணுக்கத்தைக் குறைத்தாலும் அந்த அந்திச் செம்மை கெடுவதில்லை. குறைந்த தரத்திலும் அழகாகத் தோன்றும் விளையாட்டு இந்த நான்கில் இதுதான். இதன் குறைந்தபட்சத் தேவையாக அறிவிக்கப்பட்டவை 6 ஜிபி ரேமும் 1 ஜிபி நினைவகம் கொண்ட ஜிஃபோர்ஸ் 450 கார்டும் ஆகும். நம் எச்டி 520 அந்த வரிசையின் விளிம்பில் நிற்கிறது. 1280×720 அளவும் குறைந்த தரமும் வைத்தால் பாறைப் பகுதிகளில் நிம்மதியாக ஓடுகிறது, அடர்ந்த மரங்களுக்கிடையே சற்று இழுக்கிறது. அதைவிட உறுத்தியது வேறொன்று. இந்தக் காடு நாம் நடக்க நடக்கத் துண்டுதுண்டாக டிஸ்கிலிருந்து ஏற்றப்படுகிறது. ஹார்ட் டிஸ்கில் ஒவ்வொரு துண்டின் எல்லையிலும் ஒரு கணநேரத் தடுமாற்றம் வந்தது. சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பான எஸ்எஸ்டிக்கு மாற்றிய பிறகு அது பெரும்பாலும் மறைந்தது.

நான்காவது, போலந்துக் குழுவான தி ஆஸ்ட்ரோநாட்ஸின் 'தி வேனிஷிங் ஆஃப் ஈதன் கார்ட்டர்'. 2014-இல் அன்ரியல் எஞ்சின் 3-இல் வந்தது. மறு ஆண்டு அன்ரியல் எஞ்சின் 4-இல் ரீடக்ஸ் என மறுபிறவி எடுத்தது. பழையதை வைத்திருந்தவர்களுக்குக் கணினியில் அது இலவசமாகவே தரப்பட்டது. பாறை, மரக்கட்டை, பழைய சுவர் ஆகியவற்றைப் பல கோணங்களில் புகைப்படம் எடுத்து, அப்படங்களிலிருந்தே முப்பரிமாண உருவங்களைப் பெற்றிருக்கிறார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த கூடத்தில் நான்கைந்து வார்ப்புகளே தளம் முழுவதையும் நிரப்பிவிடுகின்றன. வழக்கமான விளையாட்டுகளும் அவ்வாறே சில டெக்ஸ்சர்களை (பொருளின் மேற்பரப்பில் ஒட்டும் படங்களை) திரும்பத் திரும்ப ஒட்டி நினைவகத்தைச் சேமிக்கின்றன. இங்கோ முக்கியமான ஒவ்வொரு பாறைக்கும் அதற்கே உரிய புகைப்படத் தோல் இருக்கிறது. எச்டி 520 தனக்கென்று நினைவகம் இல்லாமல் ரேமையே பகிர்ந்துகொள்வதால் அந்தப் படங்களைச் சுமந்து வருவதிலேயே மூச்சு வாங்குகிறது. 2014-இன் பதிப்பைக் குறைந்த தரத்தில் பொறுமையோடு ஆடலாம், ரீடக்ஸை இந்தக் கணினிக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒரே ஒரு தயக்கம் எனக்கு உண்டு. பழைய பதிப்பில் ஒரு மர்மத்தை முடித்தால்தான் ஆட்டம் சேமிக்கப்படும், ரீடக்ஸில் அதைச் சீர்ப்படுத்தியிருக்கிறார்கள். இந்த மடிக்கணினியின் பேட்டரி தளர்ந்துவிட்டது. கரண்ட் போனால் அரை மணி நேர நடையும் போய்விடும், எனக்கு இருமுறை போயிற்று.

கணினிக்குச் செலவழிக்கக் கொஞ்சம் பணம் இருந்தால் முதலில் இரண்டாவது ரேம் பட்டையை வாங்குங்கள். டிடிஆர்4-2133 வகை ரேம் ஒரே பட்டையாக இருந்தால் நொடிக்குச் சுமார் 17 ஜிபி தரவுதான் கடக்கும். இரண்டு பட்டைகள் இணையாக வேலை செய்தால் அது 34 ஆகிறது. தனி கார்டு இல்லாத கணினியில் கிராபிக்ஸுக்கும் அதே வழிதான் என்பதால், 'ஃபயர்வாட்ச்'-இன் மரங்களுக்கிடையே வந்த இழுவை இதனால் கண்கூடாகக் குறைந்தது. அடுத்தது வெப்பம். சித்திரை, வைகாசி மதியங்களில் இங்கே அறையே தகிக்கும்போது விசிறித் துவாரத்தில் தூசி அடைந்திருந்தால் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. காலையில் சீராக ஓடிய அதே காட்சி பிற்பகலில் தடுமாறியதற்கு வேறு காரணம் எதுவும் நான் காணவில்லை. தூசியை ஊதி எடுத்து, அடியில் இரண்டு மரக்கட்டை கொடுத்து உயர்த்தி வைத்தபின் பிற்பகலும் காலையைப் போலாயிற்று.

அவனுக்கு நான் 'டியர் எஸ்தர்', 'ஃபயர்வாட்ச்', 'கான் ஹோம்' என்ற வரிசையைச் சொல்லியிருக்கிறேன். 'ஈதன் கார்ட்டர்' புதுப் பேட்டரி போட்ட பிறகுதான். 'ஃபயர்வாட்ச்' இப்போது எஸ்எஸ்டியில் நிறுவியிருக்கிறது, 1280×720, குறைந்த தரம், ஃப்ரேம் வரம்பு 30. அந்த அமைப்பை அவன் மாற்றாமல் இருந்தால் போதும்.