எஸ்.பி. ரோடா, மைசூர் ரோடு மரவாடியா, பக்கத்துத் தெரு பிளைவுட் கடையா?

பெங்களூரில் மரவேலைச் சாமான் வாங்கக் கடை ஏறுகிறவர்கள் மூன்று ரகம். ஆசாரியைக் கூடக் கூட்டிக்கொண்டு போகும் வீட்டுக்காரர் ஒரு ரகம். வாரத்தில் பாதி நாள் கடையிலேயே நிற்கும் ஆசாரியும் கான்ட்ராக்டரும் இரண்டாவது. சனி ஞாயிறில் பால்கனியில் தானே ஸ்டூல் செய்து பார்க்கும் என்னைப் போன்ற ஆள் மூன்றாவது. ஒரே கடை இந்த மூவரிடமும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். கூகுளில் ஒரே கடைக்கு ஐந்து நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும் மாறி மாறி விழுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இருவரும் பொய் சொல்லவில்லை. கடைக்காரர் மனதுக்குள் யாரை வாடிக்கையாளராக வைத்திருக்கிறார் என்பது தெரிந்துவிட்டால் எங்கே எதை வாங்கலாம் என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் கருவிகள். அதற்கு எஸ்.பி. ரோடு, அதாவது சதர் பத்ரப்பா ரோடு. சிக்பேட்டையிலோ கே.ஆர். மார்க்கெட்டிலோ மெட்ரோ இறங்கி நடந்துவிடலாம். கார் எடுத்துக்கொண்டு போவது புத்திசாலித்தனம் இல்லை. எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குத்தான் அந்த ரோட்டுக்குப் பேர். ஆனால் உளி, ரம்பம், டிரில், ரவுட்டர் பிட், கிளாம்ப் விற்கும் கடைகளும் அங்கேயும் பக்கத்துச் சந்துகளிலும் வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலும் ஆறேழு அடி அகலக் கடை, உள்ளே இருட்டாக நீண்டு போகும். சுற்றிப் பார்த்து எடுக்கிற பழக்கமெல்லாம் அங்கே இல்லை. கல்லாவுக்கு முன்னால் நின்று பேர், அளவு, பிராண்டு மூன்றையும் சொன்னால் இரண்டு நிமிடத்தில் பொருள் கைக்கு வரும். "நல்ல உளியா ஒண்ணு காட்டுங்க" என்றால் இருப்பதிலேயே மலிவானதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்கள். திமிர் என்று சொல்ல முடியாது. அந்த நேரத்தில் பின்னால் நிற்கும் கான்ட்ராக்டர் இருபது பிளேடு வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அங்கே கடைக்குக் கடை தராதரம் பார்க்க எனக்கு ஒரு வழி இருக்கிறது. செங்கோணம் பார்க்கும் மூலைமட்டம் ஒன்று கேட்பேன். நேர் விளிம்புள்ள பிளைவுட் துண்டு ஒன்றும் பென்சிலும் கேட்பேன். மட்டத்தை விளிம்பில் அணைத்து ஒரு கோடு, அப்படியே மட்டத்தைத் திருப்பிப் போட்டு அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. மேலே போகப் போக விரிந்தால் மட்டம் கோணல், அதுவும் உண்மையான கோணலைப்போல இரு மடங்கு விரிந்துதான் காட்டும். இதைச் செய்ய விடாமல் "கம்பெனி சாமான் சார், எல்லாம் கரெக்டா இருக்கும்" என்று முகம் சுளிக்கும் கடையில் நான் ஸ்க்ரூகூட வாங்குவதில்லை. ஒரு கடையில் பெரியவர் ஒருவர், நான் கேட்பதற்கு முன்பே தானே துண்டை எடுத்து வைத்துக் கோடு போட்டுக் காட்டினார். முதல் மட்டம் தேறவில்லை. அதைத் தனியாக ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தார். ஓரமாக வைத்தது பிறகு யாரிடம் போனதோ, அது வேறு விஷயம்.

பவர் டூலுக்கு இன்னும் கொஞ்சம் உஷார் வேண்டும். "பில் வேணுமா, வேணாமா?" என்ற கேள்வி வரும், இரண்டு விலை வரும். பில் இல்லாத விலையில் மிச்சமாவது ஜி.எஸ்.டி. மட்டும்தான். போவது வாரண்டி. பாஷ், மகிட்டா பேரில் அதே நிறத்தில் அச்சு அசலாக வரும் போலிகளும் உலவுகின்றன. பெட்டி, சீரியல் நம்பர், பில் மூன்றும் இல்லாமல் மெஷின் வாங்க வேண்டாம். நல்ல கடையாக இருந்தால் கல்லா பக்கத்து சாக்கெட்டில் சொருகி ஓட்டிக் காட்டுவார்கள்.

புதிதாக மரவேலை தொடங்குகிறவரைப் பார்த்ததும் அங்கே நீட்டப்படும் பொருள் நாலு இன்ச் மார்பிள் கட்டர், அதில் மாட்ட ஒரு மர பிளேடு. நம்மூர் ஆசாரிகள் பாதிப் பேர் இதில்தான் பிளைவுட் அறுக்கிறார்கள், உண்மை. கல் அறுக்கச் செய்த மெஷின் அது. மரத்துக்கென்று செய்த சர்க்குலர் ரம்பத்தில் பிளேடைத் தானாக மூடிக்கொள்ளும் கீழ் மூடி உண்டு, இதில் கிடையாது. பிளேடு மரத்தில் மாட்டினால் மெஷின் நம் பக்கம் துள்ளும். பழகிய கை சமாளிக்கும், பால்கனி ஆசாரிக்கு வேண்டவே வேண்டாம். இதைச் சொல்லித் தடுத்த கடைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை. எஸ்.பி. ரோட்டின் பெரிய குறை என்று கேட்டால் விலையோ நெரிசலோ அல்ல, இதைத்தான் சொல்வேன்.

அடுத்து மரம். மைசூர் ரோட்டில் டிம்பர் யார்டு லேஅவுட் என்று ஒரு பேட்டையே இருக்கிறது. மரவாடிகளும் அறுப்பு மில்களும். முதலாளிகளில் பலர் குஜராத்தின் கச்சுப் பகுதிப் பட்டேல்கள், தலைமுறையாக இதே தொழில். அவர்கள் மனதிலிருக்கும் வாடிக்கையாளர் வீடு கட்டுகிறவர்: வாசக்கால், ஜன்னல், கதவு, எல்லாம் சேர்த்து ஒரே லோடு. இரண்டு பலகைக்காகப் போய் நிற்கிறவரை எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று அவர்களுக்கே தெரியாது.

"எவ்ளோ கன அடி?"

"ரெண்டு பலகைதாங்க."

கொஞ்ச நேரம் பதில் வராது. பிறகு, "அந்தப் பக்கம் துண்டு கிடக்குது, பாருங்க."

எங்களைப் போன்றவர்களுக்கு அந்தத் துண்டுக் குவியல்தான் பொக்கிஷம். வாசக்கால் அறுத்த மிச்சம், மூன்றடி நாலடி நீளத்தில், சில சமயம் நல்ல வைரம் பாய்ந்த தேக்கே கிடைக்கும். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பொறுக்க யாரும் தடை சொல்வதில்லை. மரம் வாங்குகிற அனுபவம் என்று பார்த்தால் எனக்கு இந்த ஊரில் இதைவிடப் பிடித்த இடம் இல்லை. யாரும் பின்னாலேயே வந்து விற்கப் பார்ப்பதில்லை.

முழுப் பலகை வாங்கும்போது மட்டும் கணக்கைக் கையோடு போட்டுக்கொள்ள வேண்டும். அகலத்தையும் கனத்தையும் இன்ச்சில், நீளத்தை அடியில் வைத்துப் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. ஏழடி நீளம், ஆறு இன்ச் அகலம், இரண்டு இன்ச் கனம் என்றால் 0.58 கன அடி. இதை மில்லில் இழைத்துக் கொடுத்தால் கனம் ஒன்றேமுக்காலும் அகலம் ஐந்தேமுக்காலுமாக இறங்கும், கைக்கு வருவது சுமார் 0.49. காசு 0.58க்குத்தான். ஊர் வழக்கமே அதுதான், ஏமாற்று இல்லை. முன்கூட்டியே, "விலை இழைக்கிறதுக்கு முன்னாடி அளவுக்கா, பின்னாடி அளவுக்கா? இழைப்புக் கூலி தனியா?" என்று கேட்டுவிட்டால் பில் போடும்போது சண்டை வராது.

ஏமாற்று நடக்கிற இடம் வேறு. ஒன்று, வெள்ளை, அதாவது வைரம் பாயாத பகுதி. ஓரத்தில் வெளிறிய பகுதி இருக்கும் பலகையில் எண்ணெய் தேய்த்து வைத்தால் வைரத்தோடு வைரமாகத் தெரியும். கீறிப் பார்த்தால் போதும். இரண்டு, "பர்மா தேக்கு". மியான்மர் 2014 ஏப்ரலிலிருந்து உருட்டுக் கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் எல்லா மரவாடியிலும் பர்மா தீராமல் இருக்கிறது! ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காத் தோட்டத் தேக்கு நிறைய வருகிறது. அதையே பேர் சொல்லி அதன் விலைக்கு விற்கும் வாடிகளும் இருக்கின்றன, அவர்களிடம் போகலாம். பெரிய தொகைக்கு வாங்குகிறவர்கள் ஒரு சிறு துண்டை மல்லேஸ்வரத்தில் இருக்கும் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்துக்குக் கொண்டுபோனால் கட்டணம் வாங்கிக்கொண்டு என்ன மரம் என்று சோதித்துச் சொல்வார்கள். "அங்கே காட்டிட்டு வரேன்" என்ற ஒரு வார்த்தையே சில வாடிகளில் ஆளை மாற்றிவிடும். மூன்று, ஈரம். "நல்லா காய்ஞ்சது சார்" என்பதை ஈரமானி வைத்துத்தான் நம்ப வேண்டும். மேசை நாற்காலிக்கு 12 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. நான் மீட்டரைக் குத்தினால் சில இடங்களில் சிரிப்பார்கள், ஓர் இடத்தில் கோபித்துக்கொண்டார்கள். சிரிக்கிற இடம் பரவாயில்லை.

இனி பக்கத்துத் தெரு பிளைவுட் கடை. அல்சூர், பானஸ்வாடி, எங்கே குடியிருந்தாலும் நடக்கிற தூரத்தில் ஒன்று உண்டு. முகத்தளவில் மிக மரியாதையான கடை இதுதான். உட்காரச் சொல்வார்கள், டீ வரும், லேமினேட் கேட்லாக் மடியில் வைப்பார்கள். ஆனால் அந்த டீ யாருக்கு என்பதில் இருக்கிறது சூட்சுமம்.

எங்கள் தெருவில் திருவண்ணாமலைப் பக்கத்து ஆசாரி அண்ணன் ஒருவர் இருக்கிறார், இந்த ஊரில் வெகுகாலமாக வேலை பார்க்கிறவர். கமிஷன் பற்றி அவரிடம் நேராகவே கேட்டேன். "இல்லன்னு சொல்ல மாட்டேன் தம்பி. ஷீட்டுக்கு இவ்வளவுன்னு கடையில கொடுப்பாங்க. பசை டின்ல டோக்கன் வரும். வீட்டுக்காரரு கேக்காத வரைக்கும் நானும் சொல்றதில்ல, கேட்டா சொல்லிடுவேன்." கூடவே இன்னொன்றும் சொன்னார்: "காலையில ஏழு மணிக்கு சாமான் இல்லன்னா என் ஆளுங்க ரெண்டு பேரு கூலி போச்சு. அந்தக் கடைக்காரன் குட்டியானைல ஏத்தி அனுப்புறான். மிஞ்சின ஷீட்டை வாங்கிக்கிறான். அது உங்களுக்கு ஆன்லைன்ல வருமா?" நியாயமான கேள்விதான். அந்தக் கடைக்கு ஆசாரிதான் நிரந்தர வாடிக்கையாளர், நாம் பணம் கட்டுகிறவர். கமிஷன் நம் தலையில்தான் விழுகிறது என்றாலும் அதற்குப் பதிலாகக் கடனும் நேரமும் ரிட்டர்னும் கிடைக்கின்றன. கமிஷனைவிட எனக்குப் பெரிய பிரச்சினையாகப் படுவது, எந்தக் கிரேடு என்ற முடிவும் அதோடு சேர்ந்து கடைக்காரர் கைக்குப் போய்விடுவது.

அதனால் அந்த முடிவை வீட்டிலேயே எடுத்துவிட்டுப் போக வேண்டும். கடையில் "கமர்ஷியல்", "வாட்டர்புரூஃப்", "மரைன்" என்று பேசுவார்கள். ஷீட்டில் பார்க்க வேண்டியது ஐ.எஸ். எண், அதாவது இந்தியத் தர எண். 303இல் எம்.ஆர். (ஈரம் தாங்குவது), பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்குவது) என்று இரண்டு கிரேடு. அறைக்குள் புத்தக அலமாரிக்கு எம்.ஆர். போதும், சமையலறைக்கு பி.டபிள்யூ.ஆர். 710தான் மரைன், 72 மணி நேரம் கொதிநீர்ச் சோதனைக்கு நிற்க வேண்டியது. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற அரசு ஆப்பில் அதைப் போட்டால் எந்தக் கம்பெனி, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று வந்துவிடும். இதைக் கல்லா முன்னாலேயே செய்யலாம். கேரளத்துப் பெரும்பாவூர் ஆலைச் சரக்கு இந்த ஊருக்கு நிறைய வருகிறது. அதில் நல்லதும் உண்டு, முத்திரையைச் சும்மா அச்சடித்ததும் உண்டு.

பிறகு ஷீட்டின் விளிம்பைப் பார்ப்பது. 8க்கு 4 அடி, 18 எம்.எம். என்று எழுதியிருக்கும். கனம் அளக்கும் வெர்னியரை நாலு இடத்தில் வைத்தால் ஓர் இடத்தில் 18, இன்னோர் இடத்தில் 16.5 காட்டும் ஷீட்டும் கிடைக்கும். விளிம்பில் அடுக்குகளுக்கு நடுவே ஓட்டை தெரிந்தால் உள்ளேயும் இருக்கும். விரல் கணுவால் தட்டிக்கொண்டே போனால் சத்தம் பொக்கென்று மாறும் இடம் அதுதான். இதற்கெல்லாம் அடுக்கிலிருந்து ஷீட்டை உருவ வேண்டும், ஒன்று முப்பது கிலோவுக்கு மேல். ஆள் விட்டு உருவிக் காட்டுகிற கடையும், "எல்லாம் ஒரே மாதிரிதான் சார்" என்கிற கடையும் ஒரே தெருவில் எதிரெதிரே இருக்கும்.

என் போன்றவர்களுக்கு இந்தக் கடைகளில் ஒரே சங்கடம், முழு ஷீட்டாகத்தான் தருவார்கள். அறுத்துக் கொடுத்தாலும் கை மெஷினில்தான், கோடு நேராக வராது. பேனல் ரம்பம் வைத்திருக்கும் கடை கிடைத்தால் கொஞ்சம் விலை கூடினாலும் அங்கேயே வாங்குங்கள். எட்டடி ஷீட் அப்பார்ட்மென்ட் லிஃப்டில் ஏறாது.

கீல், டிராயர் சேனல் வகைக்கு பிராண்டு ஷோரூம்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திறந்து மூடிப் பார்க்க ஷோரூம், வாங்க எங்கே மலிவோ அங்கே. மாடல் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைன், கருவிக்கு நல்லது, மரத்துக்கு ஆகாது. ஜப்பான் இழுப்பு ரம்பம், நல்ல இரும்பில் செய்த உளி போன்றவை எஸ்.பி. ரோட்டில் அபூர்வம், ஆன்லைனில் கிடைக்கும். கோணல் மூலைமட்டம் வந்தால் வாதாடாமல் திருப்பி அனுப்பலாம், இது பெரிய சௌகரியம். பலகையைப் படம் பார்த்து வாங்கினால் முடிச்சும் வளைவும் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

கடைசியாக, சிக்பேட்டைப் பக்கம் ஞாயிறு காலைச் சந்தை. பழைய இரும்பு இழைப்புளி, கிளாம்ப், வைஸ் தரையில் கிடக்கும். விடியும்போதே போக வேண்டும், சொல்கிற விலையில் பாதியிலிருந்து பேரம் தொடங்கலாம். துரு பரவாயில்லை, தேய்த்தால் போய்விடும். இழைப்புளியின் வாய்ப்பக்கம் விரிசல் இருந்தால் அப்படியே கீழே வைத்துவிடுங்கள், வார்ப்பிரும்பை ஒட்ட வைப்பது நம்மால் ஆகாது. பில், ரிட்டர்ன் பேச்சே கிடையாது, அதனால் யாரும் ஒரு நட்சத்திரம் போடுவதும் இல்லை.