வெள்ளவத்தை டிசைன் - டெக்னோலஜி வகுப்பு: ஒரு தவணை மகளை அனுப்பின பிறகு எழுதுறன்

தரம் 9 படிக்கிற மகள் சனிக்கிழமை காலமையில இந்த டிசைன் - டெக்னோலஜி வகுப்புக்குப் போறா, ஒரு தவணை முடிஞ்சுது, கனபேர் இன்பொக்ஸில கேட்டபடியா விரிவாவே எழுதுறன். காலி வீதியில இருந்து கடல் பக்கம் இறங்குற லேன் ஒண்டில ஒரு வீட்டின்ட மேல்மாடியை வேர்க்‌ஷொப்பா மாத்தி வச்சிருக்கினம். ஒரு பக்கம் மரவேலை மேசை, மற்றப் பக்கம் சொல்டரிங் மேசை. தரம் 8ல இருந்து 11 வரைக்கும் எடுக்கினம். விளக்கம் எல்லாம் தமிழில, நான் தேடினதே அதைத்தான்.

பள்ளிக்கூடத்தில 6ல இருந்து 9 வரைக்கும் செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் எண்டு பாடம் இருக்குதுதானே, பிறகு ஓ லெவலுக்கு மூன்றாம் தொகுதியில நிர்மாணம், இயந்திரம், மின் இலத்திரனியல் எண்டு வடிவமைப்புப் பாடங்களே மூண்டு இருக்கு, 2013ல இருந்து ஏ லெவலுக்குத் தொழினுட்பப் பிரிவும் வந்திட்டுது. ஆனா எங்கட பிள்ளையின்ட பள்ளிக்கூடத்தில மரம் சீவுற சீவுளியின்ட படத்தைக் கொப்பியில கீறி பாகங்களுக்குப் பேர் எழுதி மார்க்ஸ் எடுத்ததோட சரி, சீவுளியைக் கையில பிடிச்சதில்லை. எனக்கு அது சரியான கவலை. கை படாம இந்தப் பாடத்தைப் படிக்கிறதில என்ன பிரயோசனம் சொல்லுங்கோ.

இந்தத் தவணை வேலை, இருட்டினா தானா எரியிற ஒரு மேசை விளக்கு. பெட்டி மரத்தில, உள்ளுக்கு வெளிச்சத்தை உணருற எல்டிஆரும், சுவிட்ச் மாதிரி வேலை செய்யிற ஒரு ட்ரான்சிஸ்டரும், வெள்ளை எல்ஈடி பல்பும், 9 வோல்ட் பற்றறி. முதல் ரெண்டு கிழமையும் மரத்தைத் தொடவே விடேல்ல. ஆர் பாவிக்கப் போகினம், எங்க வைக்கப் போகினம், பற்றறி மாத்துறதெண்டா எந்தப் பக்கம் திறக்கோணும் எண்டெல்லாம் கொப்பியில எழுதி, படம் கீறி, பிறகு பிஸ்கட் பெட்டி அட்டையில அதே அளவில வெட்டி ஒட்டிப் பாக்கச் சொல்லிச்சினம். மகள் விளக்கை அம்மம்மாவின்ட கட்டிலடிக்கு எண்டு யோசிச்சவா, அட்டை மொடலைக் கொண்டுவந்து வச்சுப் பாத்தா அம்மம்மாவுக்குக் கை எட்டேல்ல, உடன உயரத்தைக் குறைச்சு சுவிட்சைப் பக்கவாட்டுக்கு மாத்தினா. டிசைன் எண்டா வடிவா கீறுறது எண்டு நினைக்கிற ஆக்களுக்கு இந்த ரெண்டு கிழமையும் வீணா தெரியலாம், எனக்கு இதுதான் வகுப்பின்ட உயிர்.

மரவேலைக்கு மொரட்டுவையில இருந்து ஒரு வயசான தச்சு பாஸ் வாறார். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான், ஆனா கையால காட்டுற விதத்தில பிள்ளையளுக்கு எல்லாம் விளங்குது. வாள் போற இடத்தில மரம் கொஞ்சம் தூளாப் போகும், அதால கோட்டுக்கு மேலயே வெட்டினா துண்டு கட்டையாகிடும், கழிவுப் பக்கம் தள்ளி வெட்டி பிறகு அரத்தால கோட்டுக்குக் கொண்டுவரோணும் எண்டு முதல் நாளே காட்டியிருக்கிறார். செங்கோணம் பாக்கிற மூலைமட்டம் வைக்காம ஒரு கோடும் கீற விடமாட்டார். மஹோகனி வெட்டுத் துண்டுகள்தான், புது மரம் இல்லை, அது நல்ல பழக்கம்.

இனி எலக்ட்ரோனிக்ஸ். இதை எழுதத்தான் முக்கியமா இருந்தன். சாமான் வாங்குறதுக்குப் பிள்ளையளையே பெரியாக்களோட புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு அனுப்பினவை, நாங்களும் 100ஆம் நம்பர் பஸ்ஸில போனம். லிஸ்டில C828 ட்ரான்சிஸ்டர், கடையில அது இல்லாம BC547 தந்தினம், வேலை ஒண்டுதான் எண்டு சொல்லிச்சினம். வேலை ஒண்டுதான், ஆனா ரெண்டுக்கும் கால் வரிசை வேற. மகள் பிரெட்போட்டில (சொல்டர் பண்ணாம குத்திப் பாக்கிற பலகை) C828க்கு இருந்த படத்தின்படி குத்தினா, விளக்கு எரியேல்ல. எலக்ட்ரோனிக்ஸ் படிப்பிக்கிற சேர் பக்கத்தில நிண்டு பாத்தவர், பிழை எங்க எண்டு அவருக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும், ஆனா கை வைக்கேல்ல. மல்டிமீற்றரைக் குடுத்து, ட்ரான்சிஸ்டரின்ட மூண்டு காலில பேஸ், எமிட்டர் எண்ட ரெண்டுக்கும் இடையில 0.6, 0.7 வோல்ட் வருதா அளந்து பார் எண்டு மட்டும் சொல்லிட்டு அடுத்த மேசைக்குப் போட்டார். அரை மணித்தியாலம் போல அளந்து, அந்த ட்ரான்சிஸ்டரின்ட விவரத்தாளை (டேட்டா ஷீட்) போனில தேடி, கால் வரிசையைப் பிடிச்சு, திருப்பிக் குத்தினவுடன எரிஞ்சுது. பிள்ளையின்ட வேலையில ஆசிரியர் கை வைக்கிறதில்லை எண்டது இஞ்ச ஒரு சட்டம் மாதிரி, பெற்றோர் வீட்டில செய்து குடுத்தாலும் ஏத்துக்கொள்ள மாட்டினம். நான் காசு குடுக்கிறது அதுக்குத்தான் எண்டு அண்டைக்கு விளங்கிச்சுது.

கணக்கும் சேர்ந்தே வருது. வெள்ளை எல்ஈடி கிட்டத்தட்ட 3 வோல்ட் எடுக்கும், 9ல மிச்சம் 6 வோல்ட், 330 ஓம் ரெசிஸ்டர் போட்டா, 6ஐ 330ஆல பிரிச்சு, கிட்டத்தட்ட 18 மில்லிஅம்பியர் போகும், எல்ஈடி தாங்கும். ஓமின் விதியைப் பாடமாக்கியும் ஏன் எண்டு தெரியாத பிள்ளை இப்ப ரெசிஸ்டரில இருக்கிற செம்மஞ்சள், செம்மஞ்சள், மண்ணிற வளையங்களைப் பாத்தே 330 எண்டு சொல்லுறா.

குறையும் இருக்கு, மறைக்க ஏலாது. துளை போடுற மெஷின் ஒண்டுதான், பிள்ளையள் வரிசையில நிக்க வேண்டியிருக்கு. அதைவிடப் பெரிசு, கண்ணுக்குப் போடுற பாதுகாப்புக் கண்ணாடி எல்லாருக்கும் காணாது, மாறி மாறிப் போடினம். ட்ரில் பண்ணேக்க தெறிக்கிற துண்டு பக்கத்தில நிக்கிற பிள்ளையின்ட கண்ணுக்கும் போகும், அதால தலைக்கு ஒண்டு கட்டாயம் இருக்கோணும். நான் சொல்லிட்டன், வாங்கிறம் எண்டிருக்கினம், நீங்களும் சேரேக்க கேளுங்கோ. சொல்டரிங் மேசைக்கு மேல புகை இழுக்கிற ஃபேன் இருக்கு, கரண்ட் ஒழுகினா தானா வெட்டுற ட்ரிப் சுவிட்ச் தனியா போட்டிருக்கினம், அந்த ரெண்டும் திருப்தி. சாமான் காசு ஃபீஸுக்கு வெளியில எண்டதை முதலே சொல்லியிருக்கலாம், பில்லைப் பாத்தபிறகுதான் தெரிஞ்சுது. வேலைத்தாள் இன்னும் இங்கிலீஷில இருக்கு, தமிழில தந்தா தரம் 8 பிள்ளையளுக்குப் பெரிய உதவி.

ஓ லெவல் பாஸ்ட் பேப்பர் செய்விக்கிற ரியூசன் தேடுறாக்கள் இஞ்ச வராதேங்கோ, அது இஞ்ச இல்லை. பொம்பிளைப் பிள்ளையள் மூண்டு பேர்தான் இருக்கினம், ஆனா இடம் பாதுகாப்பானது, பொறுப்பா ஒரு மிஸ் எப்பவும் நிக்கிறா, அதால யோசிக்காம அனுப்புங்கோ. அடுத்த தவணைக்குத் தண்ணி மட்டம் பாத்து மோட்டரை நிப்பாட்டுற வேலையாம், அதுக்கு அர்டுயினோ போர்ட் (புரோகிராம் எழுதி ஏத்துற சின்ன எலக்ட்ரோனிக்ஸ் போர்ட்) தேவை, புதுசா சேருற ஆக்கள் வாங்க முதல் சேரிட்ட ஒருக்கா கேளுங்கோ, பழைய போர்ட் நாலைஞ்சு அங்கயே இரவல் குடுக்க இருக்கு.