சந்தேகம் எந்தப் பக்கம் சாய்கிறது? டவுட்டும் சஸ்பெக்டும்

ஓர் அலுவலகத்தில் கல்லாக் கணக்கு உதைக்கிறது. தணிக்கைக்கு வந்தவருக்குக் காசாளர் மேல் சந்தேகம். மேலிடத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதுகிறார்: "ஐ டவுட் தி கேஷியர் டுக் தி மணி." காசாளர்தான் எடுத்திருப்பார் என்று சந்தேகப்படுகிறேன் என்பது அவர் சொல்ல நினைத்தது. படிப்பவர் ஆங்கிலம் நன்கு அறிந்தவராக இருந்தால், காசாளர் எடுத்திருப்பார் என்று தணிக்கையாளருக்குத் தோன்றவில்லை என்றே புரிந்துகொள்வார். பழி சுமத்தப்போய் நற்சான்றிதழ் கொடுத்தாகிவிட்டது. டவுட்டை எடுத்துவிட்டு அங்கே சஸ்பெக்ட் என்று போட்டிருந்தால் அவர் நினைத்தது அப்படியே போய்ச் சேர்ந்திருக்கும்.

அகராதியைப் புரட்டி இதைத் தெரிந்துகொள்வது கடினம். இரண்டு சொல்லுக்கும் சந்தேகி, ஐயுறு என்றுதான் போட்டிருப்பார்கள். தவறில்லை, ஆனால் போதாது. டவுட் என்னும்போது மனம் "இருக்காது" என்ற பக்கம் சாய்ந்திருக்கிறது. சஸ்பெக்ட் என்னும்போது "இருக்கும்" என்ற பக்கம் சாய்ந்திருக்கிறது. இரண்டிலும் கையில் ஆதாரம் இல்லை, முழு உறுதியும் இல்லை. இந்த உறுதியின்மையைத்தான் நம் "சந்தேகம்" சொல்கிறது. சாய்வைச் சொல்வதில்லை.

அதனால் தமிழில் சாய்வைச் சொல்லவே வழியில்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். சந்தேகம் என்ற பெயர்ச்சொல்லையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் அது தெரியாது. அதற்கு முன்னால் நிற்கும் வினையின் முடிவைப் பார்க்க வேண்டும்.

"அவர் கடனை அடைத்தாரா என்பது சந்தேகம்." அடைத்திருக்க மாட்டார் என்பதே உட்கருத்து. இது டவுட்.

"அவர் கடனை அடைத்திருப்பார் என்று சந்தேகிக்கிறேன்." அடைத்துவிட்டார் என்றே நம்புகிறோம், ரசீதுதான் கையில் இல்லை. இது சஸ்பெக்ட்.

முதல் வாக்கியத்தில் "ஆ" என்ற வினா எழுத்து ஒட்டியிருக்கிறது. இரண்டாவதில் வினாவே இல்லை, "இருப்பார்" என்ற ஊகம் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் "ஓ" ஒன்று உண்டு. எனக்குப் பிடித்தது அதுதான். "மழை வருமா என்பது சந்தேகம்தான்" என்கிற விவசாயி வானத்தைப் பார்த்துக் கைவிட்டுவிட்டார். "மழை வருமோ என்று சந்தேகமாக இருக்கிறது" என்கிற பெண்மணி மொட்டை மாடியில் காயும் வற்றலை அள்ளப் படியேறிவிட்டார். இருவரும் சொல்வது மழையைப் பற்றித்தான், சொல்வதும் சந்தேகம் என்றுதான். அந்த ஓர் எழுத்தில் ஆங்கிலத்தின் இரண்டு வினைச்சொற்கள் அடங்கிவிடுகின்றன. விவசாயியின் சந்தேகம் டவுட், வற்றல்காரரின் சந்தேகம் சஸ்பெக்ட். மொழிபெயர்க்கும்போது பெரும்பாலும் இந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டே கரையேறிவிடலாம். "சந்தேகம்தான்" என்று "தான்" போட்டு அழுத்தி முடிந்தால் அநேகமாக டவுட்டாகவே இருக்கும்.

நடுநிலையான சந்தேகம் என்று ஒன்று இல்லையா? உண்டு. அந்தி மங்கலில் தூரத்தே நிற்பது குற்றியா (மரக்கட்டையா), மனிதனா என்பது நம் பழைய உரையாசிரியர்கள் ஐயத்துக்குக் காட்டும் உதாரணம். இங்கே தட்டு எந்தப் பக்கமும் தாழவில்லை. ஆங்கில டவுட்டின் வேரும் இந்த இரண்டில்தான் இருக்கிறது. அதன் மூலமான இலத்தீன் சொல், இரண்டைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. ஜெர்மன் மொழியில் சந்தேகத்துக்கான சொல்லிலும் இரண்டு என்ற எண் ஒளிந்திருக்கிறது. ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் டவுட் வினைச்சொல்லாக வரும்போது அந்த நடுநிலை போய்விட்டது. குற்றியா மனிதனா என்ற நிலையைச் சொல்ல ஆங்கிலேயர் "ஐ'ம் நாட் ஷ்யூர்" என்பார், டவுட்டைத் தொட மாட்டார். சஸ்பெக்டின் வேரோ வேறு: கீழிருந்து மேலாகப் பார்ப்பது. ஒருவரை நேரே பார்க்காமல் பார்க்கும் பார்வை அதில் இருக்கிறது.

இந்த விதிக்கு ஒரு முரண்டு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். சஸ்பெக்டுக்குப் பின்னால் முழு வாக்கியம் வராமல் நேர்மை, நோக்கம் போன்ற நல்ல குணப் பெயர் வந்தால் கதை மாறிவிடுகிறது. "ஐ சஸ்பெக்ட் ஹிஸ் மோட்டிவ்ஸ்" என்றால் அவருடைய நோக்கத்தை நம்பவில்லை என்று பொருள். அங்கே டவுட்டும் சஸ்பெக்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. ஆனால் மோசடி, சதி போன்ற கெட்ட பெயர் வந்தால் மறுபடி எதிரெதிர். "ஐ சஸ்பெக்ட் ஃப்ராடு" என்பவர் மோசடி நடந்திருக்கிறது என்கிறார். ஆள் பெயர் வந்தாலும் வேறுபாடு தெரியும். ஒருவரை டவுட் செய்தால் அவர் சொல்வதையோ அவரால் முடியும் என்பதையோ நம்பவில்லை. சஸ்பெக்ட் செய்தால் அவர் ஏதோ செய்திருக்கிறார் என்று நம்புகிறோம்.

சஸ்பெக்ட் என்றாலே குற்றம், போலீஸ் என்று நினைப்பதும் தேவையில்லை. "ஐ சஸ்பெக்ட் யூ'ல் லைக் திஸ் காபி" என்று உபசரிப்பவர் யாரையும் குற்றம் சாட்டவில்லை. இந்தக் காபி உங்களுக்குப் பிடிக்கும் போலிருக்கிறது என்கிறார், அவ்வளவுதான். இதைச் "சந்தேகிக்கிறேன்" என்று தமிழில் பெயர்த்தால் விருந்தாளி கோப்பையைக் கீழே வைத்துவிடுவார். மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில் "இது நீண்ட நாள் நீடிக்காது என்று சந்தேகிக்கிறேன்" என்பதுபோல வரும் வாக்கியங்கள் பெரும்பாலும் இந்த வகை. "தோன்றுகிறது", "போலும்", "என்றே நினைக்கிறேன்" இவற்றில் ஒன்றைப் போட்டால் வேலை முடிந்தது.

இந்த வேறுபாட்டுக்கு உண்மையான கனம் இருக்கும் இடம் நீதிமன்றம். நம் செய்தித்தாள்களில் இரண்டு தொடர்கள் அன்றாடம் வருகின்றன. ஒருவர் "சந்தேகத்தின் பேரில்" கைது செய்யப்படுகிறார். வழக்கு முடியும்போது "சந்தேகத்தின் பலனை" அளித்து விடுவிக்கப்படுகிறார். உள்ளே அனுப்பியதும் சந்தேகம், வெளியே விட்டதும் சந்தேகம். ஆங்கிலத்தில் இவை இரண்டு வெவ்வேறு சொற்கள். முதலாவது சஸ்பிஷன், அது போலீசாருடையது: இவர் செய்திருப்பார். இரண்டாவது டவுட், அது நீதிபதியுடையது: இவர்தான் செய்தார் என்பதை ஏற்க முடியவில்லை. சட்டமும் இரண்டுக்கும் வெவ்வேறு இடம் கொடுத்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி, பிடியாணை இல்லாமல் கைது செய்வதற்கான காரணங்களில் நியாயமான சந்தேகமும் ஒன்று. அது சஸ்பிஷன். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஆம் பிரிவிலும் இது இருந்தது. தண்டிப்பதற்கோ நியாயமான டவுட்டுக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். சந்தேகம் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் அது நிரூபணத்தின் இடத்தைப் பிடிக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. 1957இல் சர்வன் சிங் வழக்கில், "உண்மையாக இருக்கலாம்" என்பதற்கும் "உண்மையாக இருந்தே தீர வேண்டும்" என்பதற்கும் இடையே கடக்க வேண்டிய தூரம் நீண்டது என்றது. சஸ்பெக்டிலிருந்து தீர்ப்பு வரைக்குமான அந்தத் தூரத்தில் எங்காவது ஒரு டவுட் எழுந்தால், ஆள் விடுதலை.

இலங்கைப் பத்திரிகைகள் சஸ்பெக்ட் என்ற பெயர்ச்சொல்லுக்குச் "சந்தேகநபர்" என்று எழுதுகின்றன. சுருக்கமான, கைக்கடக்கமான சொல். தமிழ்நாட்டில் "சந்தேகத்துக்கு உள்ளானவர்" என்று நீட்டி முழக்குவதைவிட மேல்.

ஆஸ்பத்திரியில் இது இன்னும் நேரடி. ஆய்வுக்கூடச் சீட்டில் மருத்துவர் "சஸ்பெக்டட் டெங்கு" என்று எழுதினால் டெங்குவாக இருக்கும் என்று நினைத்துச் சோதனைக்கு அனுப்புகிறார். "ஐ டவுட் இட்'ஸ் டெங்கு" என்றால் அவர் வேறு காய்ச்சலைத் தேடுகிறார். இங்கே மாற்றிப் புரிந்துகொள்வது ஆபத்து.

இனி நம் ஊர் டவுட். வகுப்பில் கை தூக்கி "சார், டவுட்" என்று கேட்காத மாணவர் உண்டா? இங்கே டவுட் என்றால் கேள்வி, விளங்காத இடம். அவநம்பிக்கை அதில் துளியும் இல்லை. இந்திய ஆங்கிலத்தில் ஊறிவிட்ட பயன்பாடு இது. நமக்குள் பேசும்போது இதைத் திருத்தத் தேவையில்லை என்பது என் கட்சி. சிக்கல் கடல் தாண்டும்போதுதான். லண்டனில் இருக்கும் வாடிக்கையாளருக்கு "ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் டிசைன்" என்று மின்னஞ்சல் போனால், உங்கள் வடிவமைப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று அவர் படிக்கக்கூடும். கேட்க நினைத்தது மூன்றாம் பக்கத்தில் உள்ள ஓர் அளவைப் பற்றி. அங்கே "கொஸ்டின்" என்று எழுதிவிட்டால் யார் முகமும் சுருங்காது.

"நோ டவுட்" என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சந்தேகமே இல்லை என்று அடித்துச் சொல்வதாக நாம் நினைக்கிறோம். ஆனால் "நோ டவுட் ஹி இஸ் டயர்டு" என்று ஆங்கிலேயர் சொன்னால், களைப்பாகத்தான் இருப்பார், அநேகமாக, என்ற அளவுக்குத்தான் அதில் உறுதி. சந்தேகம் இல்லை என்று சொல்லிக்கொண்டே சஸ்பெக்டின் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறார்.

ஒரே சொல் இரண்டையும் சுமப்பது தமிழுக்கு மட்டும் வந்த வழக்கமும் அல்ல. குறளில் "ஐயத்தின் நீங்கித் தெளிந்தார்க்கு" என்னும்போது ஐயம் மெய்யை உணரவிடாத மயக்கம். "தெளிந்தான்கண் ஐயுறவும்" என்னும்போது நம்பி ஏற்ற ஒருவன் மேல் கொள்ளும் சந்தேகம். 353ஆம் குறள் டவுட், 510ஆம் குறள் சஸ்பெக்ட். ஆங்கிலத்திலும் ஷேக்ஸ்பியர் காலத்தில் இதே நிலைமைதான். தந்தையின் ஆவி போர்க்கோலத்தில் தெரிந்தது என்று கேட்ட ஷேக்ஸ்பியரின் நாடக நாயகன் ஹாம்லெட் "ஐ டவுட் சம் ஃபௌல் ப்ளே" என்கிறான். இன்றைய ஆங்கிலத்தில் அது, சதி ஏதும் இருக்காது என்று பொருள்படும். அவன் சொல்வதோ நேர் எதிர்: ஏதோ சதி நடந்திருக்கிறது. காதலி ஒஃபீலியாவுக்கு அவன் எழுதும் நாலு வரிக் கவிதையில் இரண்டு பொருளும் அடுத்தடுத்து வருகின்றன. விண்மீன்கள் நெருப்பு என்பதை நம்பாமல் இரு என்று எழுதும் இடத்தில் அது டவுட். உண்மையே பொய் சொல்கிறது என்றுகூட நினைத்துக்கொள் என்னும் இடத்தில் அதே சொல் சஸ்பெக்டின் வேலையைப் பார்க்கிறது.

ஆங்கிலத்தின் பொதுவழக்கு அந்தப் பழைய பொருளைக் கழற்றிவிட்டது. ஸ்காட்லாந்து விடவில்லை. அங்கே டவுட் என்பது இன்னமும் "அப்படித்தான் ஆகியிருக்கும், என்ன செய்வது" என்ற பொருளிலும் வழங்குகிறது, நம் "ஓ"வைப் போல. எடின்பரோவில் பஸ் நிறுத்தத்துக்கு நீங்கள் மூச்சிரைக்க ஓடிவரும்போது அங்கிருக்கும் பெரியவர் "ஐ டவுட் யூ'வ் மிஸ்ட் தி பஸ்" என்றால், அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.