ஃபாரன்சிக் டிகிரி என்று சொல்லி 1,85,000 ரூபாய் வாங்கினார்கள்: பிளஸ் டூ பிள்ளைகளின் பெற்றோர் கவனத்துக்கு

மகளின் ஃபாரன்சிக் படிப்புக்கு என்று ஒரு இன்ஸ்டிட்யூட்டில் கட்டியது மொத்தம் 1,85,000 ரூபாய். தறிக்கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டிய சீட்டை எடுத்து, பற்றாததற்குச் சம்சாரத்தின் நகையை வங்கியில் வைத்துப் புரட்டிய பணம். "நீங்க எங்க வேணும்னாலும் போய்ச் சொல்லிக்கங்க" என்று இன்று மதியம் போனை வைத்துவிட்டார்கள். அந்தச் சூட்டில் எழுதுகிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த இன்ஸ்டிட்யூட்டின் பெயரைப் போடவில்லை. நாளைக்கு மானநஷ்டம் என்று வக்கீல் நோட்டீஸ் வந்தால் அதற்கும் செலவழிக்க என்னிடம் காசில்லை. கோயம்புத்தூரில் மெயின் ரோட்டை ஒட்டிய கட்டடத்தின் மாடியில், கண்ணாடிக் கதவும் ஏசியுமாக இருக்கும் 'இன்ஸ்டிட்யூட்' வகை. இவ்வளவு போதும்.

மகள் பிளஸ் டூவில் உயிரியல் குரூப். ரத்தக்கறை, முடி, துணி நார், போலிக் கையெழுத்து, இதையெல்லாம் வைத்துக் குற்றவாளியைப் பிடிக்கும் படிப்பு வேண்டும் என்று பத்தாம் வகுப்பிலிருந்தே பிடிவாதம். இங்கே பி.எஸ்சி தடய அறிவியல் (ஃபாரன்சிக்) முடித்துவிட்டு, குஜராத் காந்திநகரில் இருக்கும் தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி சேர வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிற எனக்கு இதெல்லாம் புதுசு. அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு கூடப் போனேன்.

அட்மிஷன் பார்த்தவர் நல்ல பேச்சுக்காரர். "ஏனுங்ணா, எந்த ஊருங்க? பல்லடமா! நம்ம மாமனார் ஊருங்க" என்றுதான் ஆரம்பித்தார். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்துவிட்டது, ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும், ஆள் பற்றாமல் அரசாங்கமே தேடுகிறது என்றார். சட்டத்தைப் பற்றிச் சொன்னது உண்மைதான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176வது பிரிவில் இருக்கிறது. அதிலிருந்து "படிச்சு முடிச்சதும் கவர்மெண்டு லேபுல வேலைங்ணா" என்று தாவினாரே, அதுதான் பொய். அரசு ஆய்வக அறிவியல் அலுவலர் வேலைக்கு டிஎன்பிஎஸ்சி எழுத வேண்டும். எந்த மாடிக் கட்டடக்காரரும் வாங்கித் தர முடியாது.

அப்புறம் லேபுக்குக் கூட்டிப் போனார். மஞ்சள் நாடா கட்டிய அறை, தரையில் குப்புறக் கிடக்கும் துணிக்கடைப் பொம்மை, பக்கத்தில் 1, 2, 3 என்று எண் போட்ட அட்டைகள். ஒரு கண்ணாடி டம்ளரை நீட்டி, "பிடிச்சுட்டுக் குடு பாப்பா" என்றார். அணில் வால் மாதிரி இருந்த பிரஷ்ஷில் கறுப்புப் பொடியைத் தொட்டு, டம்ளர்மேல் லேசாகச் சுழற்றினார். டேப்பை ஒட்டி உரித்து வெள்ளை அட்டையில் பதித்தார். மகளின் கட்டைவிரல் ரேகை வரிவரியாக வந்து நின்றது. "இந்த ரேகை உலகத்துல உனக்கு மட்டும்தான் பாப்பா" என்று அந்த அட்டையை அவள் கையிலேயே கொடுத்தார். அவள் முகத்தைப் பார்த்தேன். அதற்குமேல் என்ன கேள்வி கேட்பது? மதியமே வங்கிக்குப் போய் 1,25,000 ரூபாயை நெஃப்ட் போட்டேன். லேப் கட்டணம் என்று 60,000 ரூபாயை மட்டும் ரொக்கமாகக் கேட்டார்கள். ரசீது "பின்னாடி வரும்" என்றார்கள். டிசி, மார்க் ஷீட் ஒரிஜினலையும் வாங்கிக்கொண்டார்கள்.

வகுப்பு தொடங்கியதும் அந்த அறைக்குப் பூட்டு. அட்மிஷனுக்கு ஆள் வரும்போது மட்டும் திறப்பார்களாம். பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு மைக்ராஸ்கோப், அதிலும் பெரிதாகக் காட்டும் லென்ஸைக் காணோம். பாடம் எடுத்த பெண்ணே போன வருடம்தான் கெமிஸ்ட்ரி முடித்ததாம். ஜெராக்ஸ் கட்டைக் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

செமஸ்டர் தேர்வு நெருங்கியும் பல்கலைக்கழகப் பதிவு எண் வரவில்லை. கேட்டால் சர்வர் பிரச்சினை. ரசீதை முதலில் உற்றுப் பார்த்தது மகள்தான். விளம்பரத் தாளில் வடக்கே இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் முத்திரை, ரசீதிலோ ஏதோ ஒரு அறக்கட்டளையின் பெயர், 'பயிற்சிக் கட்டணம்' என்று ஒரு வரி. "போலி ஆவணத்தைக் கண்டுபிடிக்கிற பாடமே இங்கதாம்ப்பா ஆரம்பிக்குது" என்றாள். அந்தப் பல்கலைக்கழகத்துக்கே போன் போட்டோம். தமிழ்நாட்டில் எங்களுக்கு மையமே கிடையாது, இந்தப் பெயரில் மாணவியும் இல்லை என்றார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். மேனேஜர் லீவு. சேர்மன் பழனிக்குப் போயிருக்கிறார். ஆடி மாதம் பணம் வெளியே கொடுப்பதில்லையாம், அட்மிஷனுக்கு வாங்கும்போது மட்டும் ஆடியெல்லாம் தெரியாது! ஆடி போனதும் "நோம்பி முடியட்டுங்ணா". அப்புறம் வாட்ஸ்அப்பில் பிளாக். நேரில் போனால் ரிசப்ஷன் பெண் தண்ணீர் கொடுத்து உட்கார வைக்கிறாள், உள்ளேயிருந்து யாரும் வருவதில்லை. சேர்ந்தவர்கள் விலகினால் கட்டணத்தை எப்படித் திருப்ப வேண்டும், ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018லேயே சொல்லியிருப்பதை எடுத்துக் காட்டினேன். "நாங்க காலேஜே இல்லைங்க, அந்த ரூல் எங்களுக்கு வராது" என்றார், அதே நம்ம மாமனார் ஊர்க்காரர். சேர்க்கும்போது பல்கலைக்கழகம், பணத்தைக் கேட்டால் டியூஷன் சென்டர். 60,000 ரூபாய் ரொக்கம் வாங்கியதாகவே நினைவில்லையாம். டிசி வேண்டுமென்றால் இரண்டாம் வருடக் கட்டணத்தையும் கட்ட வேண்டுமாம். 1,85,000 போனது போதாது!

விவரமாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. பல்கலைக்கழகமும், நாடாளுமன்றச் சட்டம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனமும் தவிர வேறு யாரும் டிகிரி கொடுக்க முடியாது, 1956ஆம் வருட யுஜிசி சட்டம் 22வது பிரிவைப் பாருங்கள். 'இணைப்பு', 'டை-அப்' என்றால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். ரொக்கம் வேண்டவே வேண்டாம். டிசியைக் கொடுக்கும் முன் பதிவு எண்ணுக்குத் தேதி எழுதி வாங்குங்கள். லேபைச் சுற்றிக் காட்டினால், அங்கே படிக்கிற பிள்ளைகளைத் தனியாகக் கேளுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915.

காவல் நிலையத்தில் சிஎஸ்ஆர் (புகார் வாங்கியதற்கான ரசீது) போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் கொடுக்கப் போகிறோம். மஞ்சள் நாடாவும் பொம்மையும் பார்த்துப் பணம் கட்டிய வேறு பெற்றோர் யாராவது இருந்தால், ரசீது எதுவானாலும் எடுத்துக்கொண்டு காலையில் நேரத்தோடு வாருங்கள்.