சட்டைப் பை நோட்டு, அரைப் பென்சில், கைபேசி: டெல்டாவில் எழுதுகிறவருக்கு எது உதவும்?

தையல் போட்ட சின்ன நோட்டு ஒன்று, பாதியாக வெட்டிய பென்சில் ஒன்று. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் பஸ்ஸிலும் ரயிலிலும் வரப்பிலும் நாலு வரி எழுத நினைப்பவருக்கு முதல் கருவி இதுதான். கைபேசி இரண்டாவது. எழுதத் தனி அறையும் மூன்று மணி நேரமும் அமையட்டும் என்று காத்திருந்தால் குறுவை போய் சம்பாவும் போய்விடும்.

கடையில் பாக்கெட் நோட்டு கேட்டால் பெரும்பாலும் ஸ்டேப்ளர் பின் அடித்ததைத்தான் எடுத்துப் போடுவார்கள். அது வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பின் துருவேறும், துரு பட்ட இடத்தில் தாள் இற்றுப்போகும், நடுத்தாள் முதலில் கையோடு வரும். ஒட்டுப் பசை போட்ட நோட்டு கோடைக்குத் தாங்காது; வெயிலில் பசை காய்ந்து முதுகு வெடிக்கும். நூல் தையல் ஒன்றுதான் இரண்டுக்கும் நிற்கிறது.

அதை வீட்டிலேயே செய்யலாம். ஏ4 தாள் 8 எடுத்து ஒவ்வொன்றையும் குறுக்கே பாதியாக வெட்டினால் 16 துண்டு. அடுக்கி நடுவில் மடித்தால் 10.5 × 14.8 செ.மீ. அளவில் 64 பக்கம். மடிப்பில் மூன்று துளை: நடுவில் ஒன்று, மேல் ஓரத்திலிருந்தும் கீழ் ஓரத்திலிருந்தும் 3 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. மெழுகு தடவிய நூலை நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே விட்டு, மேல் துளையில் உள்ளே வாங்கி, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே விட்டு, மறுபடி நடுத்துளையில் உள்ளே கொண்டுவந்து, நீளத் தையலை நடுவில் வைத்து இரண்டு முனையையும் முடிய வேண்டும். முடிச்சுப் போடும் முன் நூலை மடிப்பின் போக்கிலேயே இழுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் துளை கிழியும். நடுத்தாள்கள் ஓரத்தில் கொஞ்சம் துருத்தும், ஸ்கேல் வைத்து பிளேடால் சீவிவிடலாம். அட்டைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை போதும். அதைவிடக் கெட்டியான அட்டை வீட்டில் சும்மா கிடைக்காது.

இந்த அளவில் ஒரு குறை உண்டு. சட்டைப் பைக்கு மேலே தலை நீட்டும், வயலில் குனிந்தால் சேற்றில் விழும். வயல் வேலைக்காரர்கள் 4 தாளை நான்கு நான்காக வெட்டி மடித்துக்கொள்ளலாம். அதே 64 பக்கம், அளவு மட்டும் 7.4 × 10.5 செ.மீ.

எழுத எது? ஜெல் பேனாவின் மை பெரும்பாலும் தண்ணீரில் கரைந்தது. ஒரு தூறல் பட்டால் பத்தியே ஊதாக் குளமாகிவிடும். ஊற்றுப் பேனா மெல்லிய தாளில் மறுபக்கம் ஊறும். பால் பாயின்ட் மை எண்ணெய்ப் பதம், மழைக்கு அஞ்சாது. ஆனால் வியர்வை பட்ட தாளில் குண்டு உருளாமல் வழுக்கும், தாளைச் சுவரில் வைத்து மேல்நோக்கி எழுதினால் மை இறங்காமல் நின்றுபோகும். பென்சிலுக்கு இந்த வம்பெல்லாம் இல்லை. ஹெச்.பி. வாங்குங்கள். 2பி கறுப்பாக இருக்கும், ஆனால் பையில் உரசி எதிர்ப் பக்கத்தில் அப்பிக்கொள்ளும். முழுப் பென்சில் பைக்கு நீளம். பாதியாக வெட்டி மூடி போட்டு வையுங்கள். மூடி இல்லாவிட்டால் முனை உடைவதோடு சட்டையும் ஓட்டையாகும். குச்சி மாற்றிப் போடும் லெட் பென்சில்தான் வேண்டுமென்றால் 0.7 மி.மீ. பஸ் குலுக்கலில் 0.5 பொட்டுப் பொட்டென்று ஒடியும்.

சித்திரை வியர்வைக்கு ஜிப் வைத்த பாலிதீன் உறை போடலாம். ராத்திரி நோட்டை வெளியே எடுத்து விரித்து வைக்காவிட்டால் உள்ளே தங்கிய ஈரத்தில் பூசணம் பிடிக்கும்.

இனி கைபேசி. குரல் தட்டச்சு வேகமானதுதான், வீட்டுத் திண்ணையில் நன்றாக ஓடும். டவுன் பஸ் ஹாரனில் பாதி வார்த்தை போய்விடும். பெரிய சிக்கல் வேறு: பேச்சு வழக்கு. ‘வந்துட்டாங்கறேன்’ என்று சொன்னால் மூன்றாகப் பிய்க்கும், இல்லை எழுத்துத் தமிழாகத் திருத்திவிடும். ல, ள, ழ குழம்பும். ‘மூணு மா’ என்றால் இங்கே நிலக் கணக்கில் ஒரு ஏக்கர், 20 மா ஒரு வேலி. செயலிக்கு அந்தக் கணக்குத் தெரியுமா? உரையாடலுக்காகக் காதில் விழுந்ததைப் பிடிக்க வேண்டுமென்றால் குரல் வேண்டாம்.

விரலால் அடிப்பவர்கள் ஒரு வாரம் செலவழித்து தமிழ்99 பழகிக்கொள்ளலாம். 1999-இல் வந்த தமிழ் விசைப்பலகை முறை. ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ஞ-வுக்குப் பின் ச வந்தாலும் அப்படியே. ‘தஞ்சாவூர்’ இதில் 8 தட்டு, ஆங்கில ஒலிப்பில் ‘டி, ஹெச், ஏ’ என்று தொடங்கி அதைவிட அதிகம். முதல் மூன்று நாள் எரிச்சலாக இருக்கும். அதற்குள் பழைய முறைக்குத் திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

எங்கே எதை எழுதுவது? ஓடும் பஸ்ஸில் வாக்கியம் எழுத முயல வேண்டாம். ஒரு சொல், ஒரு பெயர், ஒரு நிறம். நிறுத்தத்தில் நிற்கும்போது அதை வரியாக்கலாம். பாசஞ்சர் வண்டி கிராசிங்குக்காக நின்றால் முழுப் பத்தியே வரும். காபிக் கடையில் டபரா ஆறும் நேரத்துக்குப் பக்கத்து மேசைப் பேச்சில் இரண்டு வரி, சொன்னவர் சொன்னபடியே. பெயரை மட்டும் விட்டுவிடுங்கள். பம்புசெட்டிலும் மதகடியிலும் சொற்கள் கிடைக்கும்: நாற்றங்கால், மடை, தாளடி. ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வரும் வாரம் ஊர்ப் பேச்சே மாறும், அந்த வாரம் நோட்டு இல்லாமல் வெளியே போகாதீர்கள்.

பக்கத்துக்கு ஒரு விஷயம், மேலே தேதியும் இடமும். இதைச் செய்யாத நோட்டு இரண்டு மாதத்தில் மளிகைச் சிட்டை போல ஆகிவிடும். எழுதியதை ஏழு நாளுக்குள் கைபேசியிலோ பெரிய நோட்டிலோ விரித்து எழுத வேண்டும். அதற்கு மேல் போனால் ‘மஞ்சப்பை - அத்தை - இல்ல’ என்று கிறுக்கியதன் அர்த்தம் கிறுக்கியவருக்கே பிடிபடாது. விரித்து எழுதிய பக்கத்தின் மூலையை மடித்துவிடுங்கள். மடியாத மூலைகள் பத்தைத் தாண்டினால் புதுக் குறிப்பு எடுப்பதை நிறுத்திவிட்டு அவற்றை முடிக்கலாம்.