மதுரை வெயிலில் ஆர்க்கிட் வேர்: கரி, மட்டை, தொட்டி, தண்ணீர் – பல வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

ஆர்க்கிட் இலை சுருங்கினால் உடனே இன்னொரு சொம்பு தண்ணீர் ஊற்றுவதுதான் நம் வழக்கம். வேர் காய்ந்தாலும் இலை சுருங்கும், வேர் அழுகினாலும் இலை சுருங்கும். அதனால் இலையைப் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது. செடியைத் தொட்டியிலிருந்து மெல்ல எடுத்து ஒரு வேரை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல வேர் கெட்டியாக இருக்கும்; காய்ந்திருக்கையில் வெள்ளி நிறம், நனைந்ததும் பச்சை. அழுகிய வேர் பழுப்பாகி, கொழகொழவென்று அமுங்கும். இழுத்தால் மேலுறை கழன்று வந்துவிடும், உள்ளே ஒரு நூல் மட்டும் மிஞ்சும்.

கழன்று வரும் அந்த உறைக்குப் பெயர் வெலமென். செத்த செல்கள் பல அடுக்காக அமைந்தது. தண்ணீர் பட்டதும் உறிஞ்சி உள்ளே அனுப்பும். மரப்பட்டையில் ஒட்டிக்கொண்டு, மழையில் நனைந்து, காற்றில் உலர்ந்து பழகிய வேர் இது. நனைவது எவ்வளவு முக்கியமோ, உலர்வதும் அவ்வளவு முக்கியம். மதுரையில் இதற்கு இரண்டு இடைஞ்சல். சித்திரை, வைகாசியில் தண்ணீர் வேகமாக ஆவியாகி உப்பு மட்டும் வேரில் தங்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் தொட்டி நாள்கணக்கில் உலராது. இரண்டையும் தாங்குகிற ஊடகம், அதாவது மண்ணுக்குப் பதில் தொட்டியில் வேரைச் சுற்றி நிரப்பும் பொருள், எது என்பதுதான் கேள்வி. கடையில் பாக்கெட்டில் வரும் ஆர்க்கிட் கலவை பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் தாங்குகிறது.

டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் வகைக்கு இங்கே நின்று நிலைத்தது அடுப்புக்கரியும் ஓட்டுச் சில்லும்தான். கரி என்றால் சீமைக்கருவேலங்கரி. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் மூட்டம் போட்டு எடுப்பது. இஸ்திரி வண்டிக்குப் போகும் அதே கரி. கெட்டியான மரம் என்பதால் சீக்கிரம் பொடியாகாது. 2 முதல் 3 செ.மீ. துண்டுகளாக உடைத்து, சல்லடையில் தூளை நீக்கி, கழுவி, ஒரு இரவு தண்ணீரில் ஊறவிட வேண்டும். ஊறாத கரியில் தண்ணீர் வழிந்து ஓடிவிடும், பிடிக்காது. ஓடு என்றால் இடித்த வீட்டின் பழைய சீமை ஓடு. சுண்ணாம்போ சிமென்டோ ஒட்டியிருந்தால் அந்தத் துண்டு வேண்டாம், காரத்தன்மையைக் கூட்டிவிடும். கரி மூன்று பங்கு, ஓடு இரண்டு பங்கு, தேங்காய் மட்டைத் துண்டு ஒரு பங்கு. கோடையில் ஈரம் தங்க அந்த ஒரு பங்கு மட்டை போதும். கரிக்கும் ஒரு குறை உண்டு: உரத்தின் உப்பையும் தண்ணீரின் உப்பையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். இரண்டு வருடம் ஆனதும் கழுவிப் பயன்படுத்தலாம் என்று பார்க்காமல் மாற்றிவிடுவது நல்லது.

தேங்காய் மட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் கெடுப்பதும் அதுதான். சோழவந்தான் பக்கம் தோப்புகளில் மட்டை எளிதாகக் கிடைக்கிறது என்று அப்படியே வெட்டிப் போட்டால், அதிலுள்ள பொட்டாசியமும் சோடியமும் வேர்நுனியைக் கருக்கும். 2 செ.மீ. கட்டிகளாக வெட்டி, நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தினம் தண்ணீரை மாற்றி, குறைந்தது மூன்று நாள் விட வேண்டும். டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பை பிபிஎம் கணக்கில் காட்டும் கருவி) வைத்திருப்பவர்கள் ஊறிய தண்ணீரை அளந்து பார்க்கலாம். ஊற்றிய தண்ணீரைவிட 100-க்கு மேல் கூடுதலாகக் காட்டினால் இன்னொரு முறை ஊற வேண்டும். முழுக்க மட்டையிலேயே நட்ட தொட்டிகள் முதல் வருடம் அருமையாக இருக்கும். இரண்டாவது அடைமழைக்குள் நடுவில் மக்கி, கையில் பிழிந்தால் கறுப்புத் தண்ணீர் வரும். தொட்டிக்குள் மரவட்டை ஊர்ந்தால் மட்டை மக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஃபெலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் வகையின் விஷயம் வேறு. நர்சரியிலிருந்து வரும்போதே ஸ்பாக்னம் பாசியை இறுக்கிச் சுற்றி வருகிறது. மேலே காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும், நடுக்கட்டி ஈரமாகவே கிடக்கும். பூ முடிந்ததும், அழகாக இருக்கிறதே என்று விடாமல், நடுவிலுள்ள பாசியை எடுத்துவிட வேண்டும். ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டுக் குச்சியால் மெல்லக் கிளறினால் வேர் உடையாமல் வரும். பிறகு துளைகள் உள்ள கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தொட்டியில் மட்டையும் கரியும் சரிபாதி. வேரின் நிறம் வெளியிலிருந்தே தெரியும் என்பது இதன் பெரிய வசதி: பச்சையாக இருந்தால் ஊற்ற வேண்டாம், வெள்ளியானதும் ஊற்றலாம். ஆனால் நேர் வெயில் படக்கூடாது, உள்ளே சூடேறி வேர் வெந்துவிடும். 75 சதவீத நிழல்வலைக்குக் கீழே, கிழக்குப் பார்த்த இடம் ஏற்றது. டென்ட்ரோபியத்துக்கு 50 சதவீத வலை போதும்.

மண் தொட்டியில் பக்கவாட்டுத் துளை இல்லையென்றால் இந்தக் கலவை எல்லாம் வீண். மானாமதுரை, விளாச்சேரி மண்பாண்டக்காரர்களிடம் சுடுவதற்கு முன்பே துளை போட்டுத் தரச் சொல்லலாம். வாங்கிய தொட்டியில் போடுவதென்றால் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, டிரில் மெஷினின் சுத்தியல் அதிர்வை அணைத்துவிட்டு, கல் துளைக்கும் பிட்டால் மெதுவாகப் போடவும். பெயின்ட் அடித்த தொட்டி வேண்டாம்; சுவர் வழியாக ஆவியாகும் தண்ணீர்தான் கோடையில் வேரைக் குளிர வைக்கிறது. அளவும் முக்கியம். செடி வளரட்டும் என்று பெரிய தொட்டி வைப்பது டென்ட்ரோபியத்துக்கு ஆகாது. வேர்க்கட்டிக்கும் சுவருக்கும் இரண்டு விரல் இடைவெளி போதும், பெரும்பாலும் 5 அல்லது 6 அங்குலத் தொட்டி. மொட்டை மாடித் தரையில் வைக்காமல் மூன்றடி உயர ஸ்டாண்டில் வையுங்கள். தளம் இரவு வரை சூடு விடும். வான்டா என்ற ஆர்க்கிட் வகைக்கு ஊடகமே தேவையில்லை. மரக்கூடையில் வேரைத் தொங்கவிட்டு, கோடையில் காலை 15 நிமிடம் வாளியில் முக்கி, மாலை நாலு மணிக்கு ஒரு தெளிப்பு கொடுத்தால் போதும்.

இனி தண்ணீர். மதுரையில் வேர்நுனி கறுத்துப்போவதற்கு நோயைவிட போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர்தான் அடிக்கடி காரணம். தொட்டியின் விளிம்பிலும் கரியின் மேலும் வெள்ளையாகப் படிந்தால் உப்பு ஏறிவிட்டது. 300-க்குக் கீழே டிடிஎஸ் இருக்கும் தண்ணீர் நல்லது. 500-ஐத் தாண்டினால் நுனி கருகத் தொடங்கும். புறநகரில் பல போர்களில் 1000-ஐத் தாண்டுகிறது. ஆர்ஓ தண்ணீர் மூன்று பங்கு, போர் தண்ணீர் ஒரு பங்கு என்று கலந்தால் 1000 இருந்தது ஏறக்குறைய 300-க்கு வரும். மழைத் தண்ணீர் எல்லாவற்றிலும் மேல். மாடியை முதல் மழை கழுவிய பிறகு பிடியுங்கள். ஏசி தண்ணீரும் உப்பில்லாதது, கலந்துகொள்ளலாம். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை மட்டும் ஊற்றவே கூடாது, உப்பெல்லாம் அதில்தான். சாஃப்ட்னர் வைத்த வீடுகளில் அந்தத் தண்ணீரும் வேண்டாம். கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைச் சேர்க்கிறது அது.

காலை எட்டு மணிக்குள், அடித்துளையில் தாராளமாக வழியும் வரை ஊற்ற வேண்டும். தினம் அரை டம்ளர் தெளிப்பது உப்பைக் கழுவாது, சேர்த்துத்தான் வைக்கும். அடுத்த தண்ணீருக்கு ஒரு மூங்கில் குச்சியை நடுவில் செருகி பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் காத்திருக்கலாம். கார்த்திகை மழையில் தொட்டிகளை ஓரத்துக்கு நகர்த்தி, மழை படாமல், காற்று படும்படி வைத்தால் பாதி அழுகல் குறைந்துவிடும்.

உரம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ளது), லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒரு முறை, வெறும் தண்ணீர் ஊற்றி வேர் நனைந்த பிறகு. நான்காவது வாரம் உரமில்லாமல் தொட்டி கொள்ளளவைப் போல மூன்று மடங்கு நல்ல தண்ணீரால் அலசி விடவும். வேரின் பச்சை நுனி காலையில் கடிபட்டிருந்தால் கரப்பான் அல்லது நத்தை; இரவு டார்ச் அடித்தால் தெரிந்துவிடும்.

தொட்டி மாற்றும் காலத்தை காலண்டரை விடச் செடி நன்றாகச் சொல்லும். புதுத் தண்டின் அடியில் வேர் ஒரு செ.மீ. எட்டிப்பார்க்கும்போது மாற்றினால், அந்த வேர் புது ஊடகத்தையே பிடித்துக்கொள்ளும். அக்னி நட்சத்திரத்திலும் அடைமழையிலும் மட்டும் தள்ளிப்போடுங்கள்.

அழுகியதைக் காப்பாற்ற: கத்தரியைத் தீயில் காட்டி ஆறவிட்டு, கொழகொழத்த வேர் அத்தனையையும் நல்ல பகுதி வரை வெட்டுங்கள். கார்பென்டசிம், மான்கோசெப் கலந்த சாஃப் என்ற பூஞ்சைக்கொல்லிப் பொடியை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு பத்து நிமிடம் முக்கி, நிழலில் ஒரு நாள் உலர விடவும். சமையலுக்குப் போடும் பட்டையின் பொடியைத் தூவச் சொல்லிப் பலரும் சொல்கிறார்கள். தண்டின் வெட்டுக்குச் சரி, வேரில் தூவினால் நல்ல வேரையும் உலர்த்திவிடும். டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கொடுப்பதானால் பூஞ்சைக்கொல்லி போட்ட இரண்டு வாரத்துக்குப் பிறகு கொடுங்கள், இல்லையென்றால் அதுவும் செத்துப்போகும். பூத்தண்டு இருந்தால் வெட்டிவிடுங்கள். பாலித்தீன் பையால் மூடும் முறை நம் கோடைக்கு ஆகாது, உள்ளே வெந்துவிடும். சிறிய தொட்டியில் வெறும் கரியில் வைத்து, தண்டை ஒரு குச்சியோடு இரண்டு இடத்தில் கட்டுங்கள். செடி ஆடினால் புது வேர்நுனி உரசி முறியும். மருந்தெல்லாம் சரியாகப் போட்டும் செடி தேறாமல் போவதற்கு இந்த ஆட்டம்தான் பெரும்பாலும் காரணம். புது வேர் இரண்டு அங்குலம் நீளும் வரை உரம் வேண்டாம்.