சி.டி.சி. பயோஃபிலிம் ரியாக்டர்: ஒரே படலத்தை இரண்டாம் முறையும் வளர்க்க

பாக்டீரியாவை ஒரு பரப்பில் ஒட்டவைக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. கழுவாத ஒரு குழாயும் இரண்டு நாள் அலட்சியமும் போதும். அப்படி ஒட்டி வளரும் பாக்டீரியாப் படலம்தான் உயிர்ப்படலம் (பயோஃபிலிம்). இந்த வாரம் வளர்ந்த உயிர்ப்படலத்தைப் போலவே அடுத்த வாரமும் ஒன்றை வளர்ப்பதுதான் பாடு. கிருமிநாசினி ஒன்று 4 லாக் (அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்காக) குறைத்தது என்று எழுதுவதற்கு முன், அது எதிர்கொண்ட படலம் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒன்றேதானா என்பது தெரிய வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பெயரைத் தாங்கிய சி.டி.சி. ரியாக்டர், உயிர்ப்படலம் வளர்க்கும் கருவி. அதை எடைபோட இந்தக் கேள்வி ஒன்றே போதும். இதில் அது நன்றாகவே தேறுகிறது. வேறு பலவற்றில் தேறவில்லை.

கருவி பார்வைக்கு எளிமையானது. 1 லிட்டர் கண்ணாடிக் குடுவை, அதன் பக்கவாட்டில் சுமார் 350 மி.லி. மட்டத்தில் ஒரு வடிமூக்கு. மேலே பாலிஎத்திலீன் மூடி, அதில் செருகிய எட்டு பாலிப்ரொப்பிலீன் தண்டுகள். தண்டுக்கு மூன்று கூப்பன் வீதம் மொத்தம் 24 மாதிரிகள். கூப்பன் என்பது 12.7 மி.மீ. விட்டமுள்ள வட்டு, சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். நீரோட்டம் படும் முகம் 1.27 சதுர செ.மீ. கண்ணாடி, பாலிகார்பனேட், துருப்பிடிக்காத எஃகு, பி.வி.சி., பல்லின் கனிமமான ஹைட்ராக்ஸிஅபடைட் எனப் பல பொருள்களில் கிடைப்பதால், பல் பரப்பையும் குடிநீர்க் குழாயையும் ஒரே குடுவையில் ஒப்பிடலாம். நடுவில் காந்தம் பொதிந்த துடுப்பு சுழல்கிறது. படலத்தின் மேல் உராய்ந்து ஓடும் நீரோட்டம் அதிலிருந்துதான் வருகிறது.

வேலை இரண்டு நாள் பிடிக்கும். சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவுக்காகத் தர நிர்ணய அமைப்பான ஏ.எஸ்.டி.எம். வகுத்த ஈ2562 முறையில் முதல் 24 மணி நேரம் ஊடகம் (பாக்டீரியாவின் திரவ உணவு) ஓடாது: லிட்டருக்கு 300 மி.கி. டிரிப்டிக் சோயா பிராத், 21 டிகிரி, நிமிடத்துக்கு 125 சுற்று. செல்கள் கூப்பனில் ஒட்டுவது இந்தக் கட்டத்தில்தான். அடுத்த 24 மணி நேரம் லிட்டருக்கு 100 மி.கி. என்ற இன்னும் மெலிந்த ஊடகம் ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் வழிந்துகொண்டே இருக்கும். வழக்கமான பிராத் லிட்டருக்கு 30 கிராம் என்பதால், இது முந்நூறில் ஒரு பங்குதான். புதிதாக வருபவர்கள் இதைப் பார்த்து எழுத்துப்பிழை என்று நினைத்து 30 கிராமே போட்டுவிடுவதுண்டு. அப்போது குடுவை கலங்கிப்போகும், நுரை மூடியைத் தொடும், படலம் கொழகொழவென்று பெருத்துத் தண்டை வெளியே எடுக்கும்போதே பாதி உதிர்ந்துவிடும்.

இந்தக் கருவியின் சூட்சுமம் முழுவதும் தங்கும் நேரத்தில் இருக்கிறது. உள்ளே வந்த ஊடகம் சராசரியாக 30 நிமிடத்தில் வெளியேற வேண்டும். அந்தக் குளிரில், அவ்வளவு மெலிந்த உணவில், மிதக்கும் செல் 30 நிமிடத்துக்குள் இரட்டிக்க முடியாது. எனவே மிதப்பவை அடித்துச் செல்லப்படும், ஒட்டியவை தங்கும். பம்ப்பை மெதுவாக ஓட்டினால் மிதக்கும் கூட்டமும் உள்ளேயே பெருகத் தொடங்கும். பிறகு எண்ணிக்கையில் எது படலம், எது குடுவைத் தண்ணீர் என்று பிரிக்க வழியில்லை.

ஓட்ட வேகத்தைக் கணக்கிடக் குடுவையில் பொறித்த கோட்டை நம்பக் கூடாது. எட்டுத் தண்டுகளும் உள்ளே இருக்க, துடுப்பு 125 சுற்றில் ஓட, வடிமூக்கு வழியே வழிவதெல்லாம் வழிந்த பின் உள்ளே மிஞ்சும் நீரை அளவுக் குடுவையில் ஊற்றிப் பார்க்க வேண்டும். சுழற்சியில் நீர்மட்டம் ஓரத்தில் ஏறுவதால், அசையாத குடுவையில் நிற்பதைவிட இது குறைவாகவே இருக்கும். 350 மி.லி. மிஞ்சினால் 30 ஆல் வகுக்க, நிமிடத்துக்கு 11.7 மி.லி. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 17 லிட்டர். அதாவது ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 20 லிட்டர் கார்பாய் (பெரிய கலம்) ஒன்று கிருமிநீக்கம் செய்து நிற்க வேண்டும், கழிவுக்கு அதே அளவில் இன்னொன்று வேண்டும். வாங்குபவர்கள் கடைசியில் யோசிக்கும் விஷயம் இது. 20 லிட்டர் தண்ணீரின் நடுப்பகுதி 121 டிகிரியைத் தொட 20 நிமிடம் போதாது. கார்பாய் நுழையாத ஆட்டோகிளேவ் (நீராவிக் கிருமிநீக்கி) வைத்திருக்கும் ஆய்வகம் இந்த ரியாக்டரை வாங்குவதற்கு முன் இரண்டு முறை யோசிக்கட்டும். தண்ணீரைத் தனியாகக் கிருமிநீக்கி ஆறவைத்து, செறிவான பிராத்தை 1 லிட்டரில் தனியே தயாரித்து, கடைசியில் கலப்பது நல்ல வழி.

இனி, எங்கே தவறும் என்று பார்ப்போம்.

கூப்பன் தண்டின் முகத்தோடு சமமாக உட்கார வேண்டும். அரை மில்லிமீட்டர் உள்ளே போனாலும் அந்தப் பள்ளத்தில் நீரோட்டம் தேங்கும், அங்கே படலம் தடிக்கும். விரல் நுனியால் தடவிப் பார்த்தாலே தெரியும். தண்டின் தலையில் உள்ள சிறு முளை மூடியின் வெட்டுக்குள் பொருந்தினால்தான் கூப்பன் துடுப்பைப் பார்த்து நிற்கும். மூடியை மாட்டிய பிறகும் ஒரு முறை சரிபார்க்கவும். தூக்கி வைக்கும்போது தண்டு திரும்பியிருக்கலாம். கீறல் விழுந்த கூப்பனைத் தயங்காமல் தூக்கிப் போடவும். கீறலுக்குள் ஒளிந்த செல்களைக் கிருமிநாசினி தொடாது. பழி மருந்தின் மேல் விழும்.

ஊடகம் வரும் குழாயில் கண்ணாடி ஓட்டத்தடுப்பான் ஒன்றைப் பொருத்தச் சொல்வார்கள். ஊடகம் அதில் சொட்டுச் சொட்டாக விழும். அந்தக் காற்று இடைவெளிதான் பாக்டீரியா குழாய் வழியே எதிர்த்து ஏறிக் கார்பாயை அடையாமல் தடுக்கிறது. அதைச் சாய்த்துப் பொருத்தினால் சுவர் நனைந்து, இடைவெளியே இல்லாமல் போகும். மறுநாள் காலையில் கார்பாய் கலங்கியிருந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

மூடியில் உள்ள 0.2 மைக்ரான் காற்று வடிகட்டி நனைந்தால் அடைத்துக்கொள்ளும். அழுத்தம் சமமாகாததால் கழிவு இறங்குவது தடுமாறும், நீர்மட்டம் ஏறும், மேல் வரிசைக் கூப்பனின் எண்ணிக்கை மற்றவற்றோடு ஒத்துப்போகாது. கழிவுக்குழாய் முழு நீளமும் கீழ்நோக்கியே சரிய வேண்டும். நடுவில் ஒரு தொய்வு இருந்தால் அங்கே நீர் நின்று காற்றை அடைக்கும். முதல் நாள் போட்ட கிளிப்பை இரண்டாம் நாள் கழற்ற மறப்பது எல்லா ஆய்வகங்களுக்கும் பொதுவான பாவம். பம்ப்பின் உருளைகள் நசுக்கும் குழாய்ப் பகுதியை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாற்றுங்கள், வேகத்தையும் அதே குழாயை வைத்தே அளந்து அமையுங்கள். கலக்கு மேடையின் சூடும் ஒரு தொல்லை: மோட்டாரின் வெப்பம் மெல்ல ஏறிக் குடுவையை 21 டிகிரியிலிருந்து 24க்குக் கொண்டுபோய்விடும். நடுவில் மெல்லிய காப்புத்தாள் ஒன்றை வைத்தால் தீரும்.

அறுவடைக்கு, அதாவது மருந்து பட்ட கூப்பனிலிருந்து செல்களைப் பிரித்து எண்ணுவதற்கு, ஏ.எஸ்.டி.எம். ஈ2871 சொல்லும் ஒற்றைக் குழாய் முறை இந்தக் கருவியோடு நன்றாக ஒத்துப்போகிறது. தண்டை எடுத்துத் தாங்கல் கரைசலில் ஒரே ஒரு முறை மெதுவாக அமிழ்த்தினால் ஒட்டாத செல்கள் போய்விடும். திருகைத் தளர்த்திக் கூப்பனை 50 மி.லி. குழாயில் விழவிட வேண்டும். கிருமிநாசினி 4 மி.லி.; நேரம் முடிந்ததும், மருந்தின் வேலையை நிறுத்தும் செயல்நீக்கி 36 மி.லி. பிறகு வோர்டெக்ஸ் (குழாயை வேகமாகச் சுழற்றிக் குலுக்குவது) 30 விநாடி, 45 கிலோஹெர்ட்ஸ் சோனிகேட்டரில் (மீயொலித் தொட்டி) 30 விநாடி, மறுபடி வோர்டெக்ஸ், சோனிகேட்டர், கடைசியாக வோர்டெக்ஸ். இதில் அவசரப்பட்டால் செல்கள் கொத்தாகவே தட்டில் விழுந்து, நூறு செல் ஒரு காலனியாகத் தெரியும். மருந்து படாத கூப்பனின் 40 மி.லி.யில் மி.லி.க்கு 25 லட்சம் காலனி வந்தால், கூப்பனுக்கு 10 கோடி, அதாவது லாக் 8. சூடோமோனாஸுக்கு எதிர்பார்க்க வேண்டிய அளவு இதை ஒட்டித்தான். லாக் 6 வந்தால் மருந்தைச் சோதிக்காமல் ஓட்டத்தைக் கைவிடுங்கள். செயல்நீக்கி உண்மையிலேயே மருந்தை நிறுத்துகிறதா, அதுவே செல்களைக் கொல்லாமல் இருக்கிறதா என்பதைத் தனியாக முன்பே சோதித்திருக்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டிக் குதித்த ஆய்வுகளில் வரும் பிரமாதமான லாக் குறைவுகளில் ஒரு பங்கு, தட்டில் தொடர்ந்து வேலை செய்த மருந்தின் கைங்கரியம்.

ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற வேறொரு பாக்டீரியாவுக்கு இதே அமைப்பை மாற்றாமல் ஓட்டக் கூடாது. அதற்கு 36 டிகிரி, நிமிடத்துக்கு 60 சுற்று, முதல் நாள் லிட்டருக்கு 3 கிராம் பிராத், இரண்டாம் நாள் 1 கிராம். 125 சுற்றில் ஓட்டிவிட்டு ஒட்டவில்லை என்று குறைபட்டுப் பயனில்லை.

மாற்றுக் கருவிகளோடு ஒப்பிடலாம். 96 குழித் தட்டில் கிரிஸ்டல் வயலட் சாயமேற்றும் முறை மலிவு, வேகம். நூற்றுக்கணக்கான திரிபினங்களைச் சலித்தெடுக்க அதை அடிக்க ஆளில்லை. ஆனால் சாயம் உயிருள்ள செல், செத்த செல், பிசின் எல்லாவற்றிலும் ஏறும். கழுவும் கையின் வேகம் முடிவை மாற்றும். மூடியில் 96 முளைகள் தொங்கும் கால்கரி தட்டு நடுவழி: பல மருந்துகளையும் பல செறிவுகளையும் ஒரே நாளில் பார்க்கலாம், ஆனால் அது தரும் நீரோட்டம் மென்மையானது. சொட்டு ஓட்ட ரியாக்டர், காற்றும் நீரும் சந்திக்கும் இடத்தில் குறைந்த உராய்வில் வளரும் படலங்களுக்கு. படலம் உயிரோடு வளர்வதைக் கான்ஃபோகல் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டுமானால் ஓட்டக்கலம்தான், சி.டி.சி. ரியாக்டரில் கூப்பனை வெளியே எடுக்கும் வரை ஒன்றும் தெரியாது. அதன் பெரிய குறை இதுதான். இன்னொன்று, ஒரு ஓட்டத்தின் 24 கூப்பன்களை 24 தனிச் சோதனைகளாகக் கணக்கிடும் பழக்கம். அவை ஒரே குடுவையின் பிள்ளைகள். புள்ளியியலுக்கு அது ஒரு சோதனை. குறைந்தது மூன்று தனி ஓட்டங்கள் வேண்டும்.

இந்த முறைகள் தரப்படுத்தப்பட்டதில், 1990இல் பில் கராக்லிஸ் தொடங்கி, பின்னர் பில் காஸ்டர்டன் வழிநடத்திய மொன்டானா மாநிலப் பல்கலைக்கழக உயிர்ப்படலப் பொறியியல் மையத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் பலன், வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் இன்று ஒருவர் எண்ணை மற்றவர் எண்ணோடு ஒப்பிட முடிகிறது. அப்படியிருந்தும் ஆய்வுக்கட்டுரைகளில் "சி.டி.சி. ரியாக்டரில் வளர்க்கப்பட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இயங்கும் கொள்ளளவு, ஓட்ட வேகம், சுற்று, வெப்பநிலை, கூப்பன் பொருள், அறுவடை முறை ஆகிய ஆறும் இல்லாமல் அந்த வரியை வைத்து யாராலும் எதையும் திரும்பச் செய்ய முடியாது. மதிப்பீட்டுக்கு வரும் கட்டுரையில் இவை இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

கிருமிநாசினி, பூச்சு, மருத்துவக் கருவிப் பரப்பு ஆகியவற்றைச் சோதித்து எண் தர வேண்டிய ஆய்வகத்துக்கு இது சரியான கருவி. மரபணுச் சலிப்புக்கோ படம் எடுக்கவோ வாங்கினால் அலமாரியில்தான் நிற்கும். வாங்கும்போது கூப்பனைப் பிடிக்கும் சிறு திருகுகளையும் வளையங்களையும் கூடுதலாகச் சேர்த்து வாங்கவும். திருகுகள் கழுவுதொட்டி வழியே காணாமல் போகும். ஓட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் பிரிப்பதற்கு முன்பே ஒரு முறை ஆட்டோகிளேவ் செய்யுங்கள். வடிமூக்கின் உட்பக்கத்தைக் குழாய்த் தூரிகையால் தேய்க்க மறக்க வேண்டாம், பழைய படலம் மிஞ்சுவது அங்கேதான்.